காய்ச்சல் இல்லாத ஒரு வியாழக்கிழமை

புதன்கிழமை காலை கிளினிக்கில் டொக்டர் என் கொப்பியை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக எழுதிக்கொண்டு வருபவர்கள் குறைவு என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வாங்கில் என் மனைவி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முதல்நாள் மத்தியானத்திலிருந்து உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கே சரியில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் கொப்பியைப் பார்த்தார். அன்று காலை 98.2. முதல்நாள் மாலை 98.4. அதற்கு முந்திய வாரங்களும் அப்படியே. காய்ச்சல் இல்லை, நோயின் வழக்கமான களைப்புத்தான், அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்த டொக்டரைப் பல வருடங்களாக மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அதில் நியாயம் பாதிதான். மீதிப் பாதி என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, வடக்கில் யுத்தம் நடந்த காலம். நாங்கள் தலைநகரில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். நான் கோட்டைப் பகுதியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எழுதுவினைஞன். என் மனைவிக்கு அதற்கு நான்கு வருடம் முன்பு லூபஸ் என்று கண்டுபிடித்திருந்தார்கள். உடம்பின் காவல் உடம்பையே தாக்குகிற நோய். அந்தக் காவலை அடக்கி வைக்க பிரெட்னிசலோனும் இன்னொரு குளிசையும் தினமும் எடுத்தாள். அடக்கி வைத்தால் வெளியிலிருந்து வரும் கிருமியைத் தடுக்கவும் ஆளில்லை. ஆகவே காய்ச்சல் நூறு பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் வரவேண்டும் என்று கிளினிக்கில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த வசனம் பிடித்திருந்தது. அதில் ஒரு எண் இருந்தது. அன்றே ஒரு வெப்பமானியும் நீல மட்டை போட்ட கொப்பியும் வாங்கினேன். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. ஒரு நாளும் தவறவில்லை.

குளிசைகளுக்கு வேறு கொப்பி. சிவப்பு மட்டை. இரண்டையும் ஒன்றாக எழுதினால் குழப்பம் வரும் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

இதில் சோதனைச் சாவடி வந்து சேர்ந்த விதத்தையும் சொல்லவேண்டும். ஒரு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் கிளினிக்குக்குப் போகும்போது சிப்பாய்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அன்று அவளுக்குச் சாதுவான காய்ச்சல். வரிசையில் நிற்கும்போது நடுங்கினாள், நெற்றி வேர்த்தது. தமிழ் அடையாள அட்டை, பிறந்த இடம் யாழ்ப்பாணம், கையோ நடுங்குகிறது. ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டு ஒன்றே கால் மணித்தியாலம் ஒரு கூடாரத்தில் இருத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு வெளியே போகிற நாட்களில் அவள் விடிய எழும்பியதும் இரண்டு காய்ச்சல் குளிசை போட்டுக்கொண்டாள். நடுங்கக்கூடாது என்பதற்காக. மூட்டுவலிக்கும் அது இதமாக இருந்ததால், கொஞ்சக் காலத்தில் தினமும் காலை ஐந்து மணிக்கு இரண்டு, மாலை ஐந்து மணிக்கு இரண்டு என்றாகிவிட்டது. எங்களைப் போலவே செய்த இரண்டு மூன்று வீட்டுக்காரரை நான் அறிவேன். கடையில் வாங்குகிற குளிசை என்பதால் கிளினிக் அட்டையில் அது இல்லை. என் சிவப்புக் கொப்பியில் இருந்தது. கிளினிக்குக்கு நான் எடுத்துப்போனது நீலக் கொப்பியை மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது அவள் கட்டிலின் விளிம்பில் இருந்தாள். சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன். ஏன் கேக்கிறீர்?"

"அப்ப கிளினிக்?"

"நேற்றெல்லோ போனனாங்கள்."

"போனனாங்களோ?" என்றாள். யோசித்தாள். "ஓம், போயிருப்பம்."

வெப்பமானியை வைத்தேன். 97.0. இன்னொரு தடவை உதறி வைத்தேன். 96.8.

"பாரும், காய்ச்சல் எண்ட கதையே இல்லை. போன கிழமையைவிடக் குறைவு."

"உங்கட கொப்பியில இல்லாத காய்ச்சல் எனக்கு எப்பிடி வரும்?" என்று சிரித்தாள். சிரித்து முடிய மூச்சு வாங்கியது. கை குளிர்ந்து கிடந்தது. நான் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்துவிட்டு, 96.8 என்று எழுதினேன். கந்தோருக்கு அரைநாள் லீவுக் கடிதமும் எழுதினேன். தேத்தண்ணீர் கொடுத்தேன், அரைவாசி குடித்தாள். எட்டு நாற்பதுக்கு எழும்பி நிற்கச் சொன்னபோது அவளால் நிற்க முடியவில்லை. ஆறு பத்திலிருந்து எட்டு நாற்பது வரை, இரண்டரை மணித்தியாலம், அந்த எண்ணைப் பார்த்து நான் ஆறுதலாக இருந்திருக்கிறேன். இதை நினைக்கும்போது வருகிற எரிச்சல் இன்னும் குறையவில்லை.

கீழ்வீட்டுக்காரர் ஓட்டோ பிடித்துத் தந்தார். அவசரத்தில் மேசையிலிருந்த கொப்பிகள் இரண்டையும் பையில் போட்டேன். காலி வீதியில் ஏறியதும் சாவடி. பெண் பொலிஸ் ஒருவர் இவளையும் இறங்கச் சொன்னார். சுகமில்லை என்றேன். எல்லாருக்கும்தான் சுகமில்லை, இறக்குங்கள் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு தானே கையைப் பிடித்தார். பிடித்ததும் விட்டுவிட்டார். அந்தக் குளிர் அவருக்கும் விளங்கியிருக்கவேண்டும். ஆனாலும் முன்னால் நின்ற வான் வண்டியைச் சோதித்து முடிக்கும்வரை நாங்கள் நகர முடியவில்லை. பதினொரு நிமிடம்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது வேறொரு டொக்டர். தென்பகுதியைச் சேர்ந்த சிங்கள இளம்பெண், வார்ட்டில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். பிரஷர் எடுத்தார், எழுபதுக்கு நாற்பது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினார். காலையிலிருந்து சிறுநீர் போனதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் எழுதாத ஒன்றை முதலில் கேட்கிறாரே என்று கோபம் வந்தது. நீலக் கொப்பியைத் திறந்து நீட்டினேன்.

"காய்ச்சல் இல்லை. இன்றைக்கு இன்னும் குறைவு" என்றேன்.

"குறைவது நல்லதென்று யார் சொன்னது?" என்றார். "காய்ச்சலுக்குக் குளிசை ஏதாவது கொடுத்தீர்களா?"

"காலை ஐந்து மணிக்கு இரண்டு."

"வெப்பம் எடுத்தது எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

"இன்றைக்கு மட்டுமா?"

"தினமும். மாலையிலும் அப்படித்தான்." சிவப்புக் கொப்பியை எடுத்துக் காட்டினேன்.

அவர் இரண்டு கொப்பிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் ஒரு விரல், மற்றதில் ஒரு விரல். ஐந்து மணி, ஆறு மணி. ஐந்து மணி, ஆறு மணி.

"இந்தக் கொப்பியில் இருப்பது இவருடைய காய்ச்சல் இல்லை" என்றார். "குளிசை வேலைசெய்ததா என்பதைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள். இரத்தம் எடுத்துச் சிறு போத்தல்களில் விட்டார்கள். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களாம். செப்ரிசீமியா என்றார், கிருமி இரத்தத்தில் பரவி, பிரஷர் விழுந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோகிற நிலை. பிரெட்னிசலோனை இப்போது நிறுத்தக்கூடாது, ஊசியில் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார்.

"என்ன கிருமி என்று தெரிந்த பிறகு மருந்து கொடுத்தால் சரியான மருந்தாக இருக்கும் அல்லவா?" என்று கேட்டேன். இதைக் கேட்டவன் நான்தான்.

"முடிவு வர நாட்கள் எடுக்கும். இவரிடம் நாட்கள் இல்லை."

முதல் ஊசியைப் பக்கத்து வார்ட்டிலிருந்து கடன் வாங்கிப் பத்து இருபத்தைந்துக்குப் போட்டார்கள். அதற்கு மேல் அந்த மருந்து அங்கே இல்லை. டொக்டர் ஆஸ்பத்திரியின் துண்டுக் காகிதம் ஒன்றில் பெயரை எழுதித் தந்து, எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று, அடுத்தது மாலை ஆறு இருபத்தைந்து, அதற்குள் எப்படியாவது வாங்கி வரவேண்டும் என்றார்.

சுற்றுவட்டாரத்தில் ஐந்து மருந்துக்கடை ஏறி இறங்கினேன். இல்லை. ஒரு கடைக்காரர் துண்டை இரண்டு தடவை படித்துவிட்டு, என்னையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, இல்லை என்றார். என் மனைவியின் தம்பி கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மருந்துக்கடையில் விற்பனையாளனாக இருந்தான். அங்கே போக பஸ் ஏறினேன்.

மைத்துனன் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அத்தான், இது எங்களிட்ட ரெண்டுதான் கிடக்கு. அக்கா கதைக்கிறாவோ?"

"நான் வெளிக்கிடேக்க கதைக்கயில்லை."

அவன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் பின் ஒழுங்கையால் ஓடினான். முக்கால் மணித்தியாலத்தில் இன்னும் ஏழு போத்தலோடு வந்தான்.

"ஒம்பது. மூண்டு நாளுக்குக் காணும். மிச்சத்தை நான் நாளைக்குப் பாக்கிறன். பில் போடவோ?"

"வேண்டாம், நேரமில்லை."

"நீங்களோ பில் வேண்டாம் எண்டுறியள்?" என்றான். அப்போதும் நான் நீலக் கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, "ஐயோ அத்தான், பிறகு எழுதலாம், ஓடுங்கோ" என்று பிடரியில் தள்ளாத குறையாக அனுப்பினான்.

திரும்பும் வழியில், புறக்கோட்டைக்கு வருமுன்னே பஸ்ஸை மறித்துவிட்டார்கள். இராணுவச் சிப்பாய் ஒருவன் பையைத் திறந்தான்.

"மே மொனவாத?" இதெல்லாம் என்ன என்று கேட்டான்.

மருந்து, என் மனைவிக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஒரு ஆளுக்கு ஒன்பது போத்தலா என்றான். அந்த நாட்களில் இப்படியான மருந்துகள் வடக்குக்குப் போகாமல் தடுத்து வைத்திருந்தார்கள். தமிழன் ஒருவன் ஊசிமருந்துப் போத்தல்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும். டொக்டரின் துண்டைக் காட்டினேன். கையெழுத்து அவனுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் விளங்கவில்லை.

அடுத்தது அவன் என் நீலக் கொப்பியை எடுத்தான். தமிழ் அவனுக்குத் தெரியாது, எண்கள் தெரியும். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் உள்ளே பார்த்து ஆள் கூப்பிட்டான். தமிழ் வாசிக்கக்கூடிய ஒரு பொலிஸ்காரர் வந்து உரக்க வாசித்தார்.

"வெள்ளவத்தைச் சாவடி, எட்டு ஐம்பத்திரண்டு, நிறுத்திய நேரம் பதினொரு நிமிஷம். அடுத்த சாவடி, பன்னிரண்டு முப்பத்தஞ்சு, நிறுத்தல. சிப்பாய் ரெண்டு பேர்." நிமிர்ந்து பார்த்தார். "சென்றிச் சாவடி நேரமெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே, என்னத்துக்கு?"

"திரும்பி வர எவ்வளவு நேரமாகும் எண்டு பாக்க."

"எத்தன ஆள் நிக்கிறாங்கன்னு எழுதினது?"

"பழக்கம்."

"நல்ல பழக்கம்" என்றார்.

முன்பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் நாள், நேரம், ஒரு எண். 98.2, 98.4, 98.2. நான் மனைவியின் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் என்கிறீர்கள், ஒரு இடத்திலும் காய்ச்சலைக் காணோமே என்றார் அவர். காய்ச்சல் கொப்பியில் காய்ச்சல் இல்லை என்று அன்றைக்கு இரண்டாவது தடவையாக எனக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி நேரம் போனது. முடிவெடுக்கவேண்டிய அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். இரண்டு இருபதிலிருந்து ஒரு மணல்மூட்டையின்மேல் இருந்தேன். பை எனக்கு எட்டாத தூரத்தில் ஒரு மேசையில் இருந்தது. வெயில் போத்தல்களில் படுகிறது, நிழலில் வையுங்கள் என்று கேட்டேன். பொலிஸ்காரர் மட்டும் எழும்பிப்போய் ஒரு தொப்பியை எடுத்து மேலே கவிழ்த்தார்.

அதிகாரி மூன்றரைக்கு வந்தார். துண்டில் அச்சிட்டிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு தடவை எடுபடவில்லை. மூன்றாவது தடவை வார்ட்டிலிருந்து அந்த டொக்டர் கதைத்தார் போலும். அதிகாரி ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். வைத்துவிட்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டார். பையை என்னிடம் தரச் சொன்னார். மணி நான்கு ஐந்து.

ஐந்து இருபதுக்கு வார்ட்டில் போத்தல்களைக் கொடுத்தேன். டொக்டர் செய்தித்தாளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திகதி பார்த்தார்.

"அவரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"மரணச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதப்போவதாகச் சொன்னேன். அப்படி எழுத முடியாது. அது அவருக்குத் தெரியாதுதானே."

கிருமி எந்த வழியால் உள்ளே போனது என்பதையும் அந்த டொக்டர்தான் கண்டுபிடித்தார். தலையிலிருந்து பாதம் வரை ஒரு அங்குலம் விடாமல் பார்த்து, வலது கைப் பெருவிரல் நகத்தோரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியில் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை இறால் உடைக்கும்போது கொம்பு குத்தியது. எனக்குத் தெரியும், மஞ்சள் வைத்துவிட்டதும் நான்தான். வீக்கமில்லை, சிவப்பில்லை, சீழில்லை. அதனால் ஆறிவிட்டது என்று நினைத்தேன். காவலை அடக்கி வைத்த உடம்பில் வீங்கவும் சிவக்கவும் சீழ்கட்டவும் கூட ஆளில்லை என்று டொக்டர் விளக்கினார். நகத்தைத் திறந்தபோது உள்ளே சதை இறந்திருந்தது. பிறகு அந்த விரலின் நுனி போய்விட்டது.

நான்கு நாள் அவள் எங்களோடு இல்லை. ஐந்தாம் நாள் தம்பியைப் பார்த்து, "உன்ர கோட்டு ஏன் இவ்வளவு ஊத்தை?" என்று கேட்டாள். அவன் சந்தோஷத்தில் வராந்தாவுக்குப் போய் அழுதான்.

இரத்தப் பரிசோதனையின் முடிவு எட்டாம் நாள் வந்தது. ஒரு சின்ன மஞ்சள் துண்டு. கிருமியின் பெயரும், அதற்குக் கேட்கக்கூடிய மருந்துகளும் எழுதியிருந்தன. முதல் நாள் பத்து இருபத்தைந்துக்குப் போட்ட மருந்து அந்தப் பட்டியலில் இருந்தது. அன்று அவள் கட்டிலில் நிமிர்ந்திருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பட்டியலில் அது இல்லாமலிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று டொக்டரைக் கேட்டேன். மாற்றியிருப்போம் என்றார். அதுவரை பிழையான மருந்துதானே கொடுத்திருப்பீர்கள் என்றேன். ஓம் என்று தமிழில் சொன்னார். எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் என்னுடைய முறையில் நடந்திருந்தால் அந்தத் துண்டை நான் தனியாக வாசித்திருப்பேன்.

வீட்டுக்குப் போகும் நாள் டொக்டரிடம் புதிய எண் ஒன்றைக் கேட்டேன். எத்தனை பாகையில் வரவேண்டும்? காய்ச்சல் குளிசையை நிறுத்தச் சொன்னார். நூறு என்றால் வாருங்கள், தொண்ணூற்றாறு என்றாலும் வாருங்கள், நடுவில் இருந்தாலும் ஆள் வழக்கம்போல் இல்லை என்று தோன்றினால் வாருங்கள் என்றார்.

"வழக்கம்போல் இல்லை என்பதை எப்படி அளப்பது?"

"அவரைக் கேளுங்கள்."

"அவள் எப்போதும் சரியில்லை என்றுதான் சொல்லுவாள்."

"எனக்கு இஞ்சயும் காது கேக்குது" என்றாள் என் மனைவி கட்டிலிலிருந்து.

அதன்பின் வந்த இரண்டு வருடங்களில் பதினொரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒவ்வொரு தடவையும் சாவடியில் இறக்கினார்கள். குளிசை போடாததால் அவள் நடுங்கினாள். நான் கிளினிக் அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிநோயாளர் பிரிவில், காய்ச்சல் இல்லையே, ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள். அவளுக்குச் சரியில்லையாம் என்று, நானே நம்பாத ஒன்றைச் சொல்லி, உள்ளே எடுக்கும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன். கந்தோரில் லீவு முடிந்தது, மேலாளர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒன்பது தடவை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் வாய்திறக்க மாட்டேன். அவளும் மன்னிப்புக் கேட்க மாட்டாள்.

மற்ற இரண்டு தடவையும் கிருமி இரத்தத்தில் இருந்தது, நேரத்தோடு மருந்து ஏறியது. அந்த இரண்டு காலையையும் ஒன்பது காலையையும் கொப்பியில் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அவற்றுக்கிடையே எந்த வித்தியாசமும் எழுதியிருக்கவில்லை.